ப்ளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்த நெல்லைக்காரர்கள் அனுபவம்

பாளைக்காரன்:

பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டு, ப்ளஸ் ஒன்னில் முதல் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தேன். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், மார்க். பள்ளியில் பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்போம், வினைச்சொல் அட்டவணைகளை உருப்போடுவோம். இரண்டு வருடத்தில் வகுப்பில் ஒருவர்கூடப் பிரெஞ்சில் பேசியதில்லை. எனக்கு 100க்கு 96 வந்தது.

ரிசல்ட் வந்த மாதமே அம்மாவோடு கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போயிருந்தேன். மத்தியானம் நடை சாத்தியிருந்தது. வாசலில் வயதான வெளிநாட்டுத் தம்பதி நின்றிருந்தார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசியது பிரெஞ்சு என்று காதில் விழுந்ததும் அம்மாவுக்கு ஒரே பெருமை. "ஏல, உன் பாஷதான் பேசுதாவ, போய்ச் சொல்லுல" என்றாள். போனேன். அந்த அம்மா ஏதோ கேட்டார். 'அர்' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது, மணி கேட்கிறார் என்று புரிந்தது. திறப்பதற்கு 'ஊவ்ரீர்' என்பார்கள். அந்த வினையை எல்லாக் காலத்திலும் தப்பில்லாமல் எழுதியவன் நான். வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. விரலைக் காட்டி மணி சொன்னேன். 'மெர்சி' என்று சிரித்துவிட்டுப் போனார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

அப்புறம்தான் உண்மையாகப் படிக்க ஆரம்பித்தேன். புதுச்சேரியில் பல வருடம் பாடம் நடத்திவிட்டுப் பாளைக்கு வந்து குடியேறிய ஒரு டீச்சர் கிடைத்தார். அவர் என் தமிழை வைத்தே பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். மூக்கொலி வராமல் நான் திணறியபோது, "மரம்னு வேகமாச் சொல்லு. கடைசியில உதடு மூடுதா?" என்று கேட்டார். மூடவில்லை, சத்தம் மூக்கு வழியாகப் போகிறது. 'நல்ல' என்பதற்கான 'போன்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் முடிவும் கிட்டத்தட்ட அதேதான். மணியும் அழகும் சேர்ந்தால் நடுவில் ஒரு 'ய்' வந்து மணியழகு ஆகிறதே, அதைப்போலப் பிரெஞ்சிலும் கேள்வி கேட்கும்போது 'ஆ', 'இல்' இரண்டுக்கும் நடுவில் ஒரு 'த்' நுழைந்து 'ஆத்தில்' ஆகிவிடும். உடம்படுமெய்தான்! தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சுக்குப் போனவனுக்குத் தமிழ் இலக்கணம் பிடித்துப்போனது அந்த நாளில்தான்.

'த்யூ', 'வூ' விஷயத்திலும் நம்மூர் கைகொடுத்தது. 'த்யூ' நம் நீ, 'வூ' நீங்கள். நமக்கு இரண்டுக்கும் நடுவில் 'நீரு, வாரும்' வேறு இருக்கிறது. யாரிடம் எதைச் சொல்வது என்று அளந்து பேசுவது நமக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது.

கஷ்டம் இல்லாமல் இல்லை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், சூரியன் ஆண், நிலா பெண். உயிரில்லாததை எல்லாம் அஃறிணை என்று ஒதுக்கிப் பழகிய நமக்கு இதில் குறுக்குவழியே கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் அதற்கு முன்னால் வந்து பால் காட்டும் 'ல' (ஆண்), 'லா'வோடு (பெண்) சேர்த்தே மனதில் ஏற்ற வேண்டும். அடுத்தது சப்ஜோங்க்தீஃப், அதாவது தேவை, விருப்பம், சந்தேகம் சொல்லும்போது வினை எடுக்கும் தனி வடிவம். 'இல் ஃபோ' என்பது நம் 'வேண்டும்' மாதிரி, யாருக்கு என்று எழுவாய் கேட்காது. ஆனால் அதோடு 'க' என்ற இணைப்புச்சொல் சேர்ந்து 'இல் ஃபோ க' என்று வந்தால், பின்னால் வரும் வினை இந்த வடிவத்துக்கு உருமாறும். அது எனக்கு நாக்கில் படிய ஒரு வருடம் ஆனது.

தென்காசிப் பெண்:

நான் பிரெஞ்சு எடுத்ததும் எங்க ஆச்சி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தமிழை விட்டுட்டியே என்று கோபம். வெட்டிவேரைப் பிரெஞ்சுக்காரர்களும் 'வேத்திவேர்' என்றுதான் சொல்கிறார்கள், நம்மிடமிருந்து போன சொல் அது என்று சொன்னேன். பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்து, "வேற என்ன என்ன சொல்லுதான்?" என்றாள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி அவளுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும். எண்பதுக்கு 'நாலு இருபது' என்பார்கள், தொண்ணூற்றொன்பதுக்கு 'நாலு இருபது பத்தொன்பது' என்பார்கள் என்றதும், காசு எண்ணுகிற மாதிரி விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

பாளைக்காரன்:

ஆச்சிக்கு என் வணக்கம். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிச் சான்றிதழ்த் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு: கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 50 வந்தால் பாஸ், ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லும். அதன் மேல்நிலையான பி2 பேச்சுத் தேர்வில் ஒரு சின்னக் கட்டுரையைக் கையில் கொடுத்து 30 நிமிடம் தயாராக விடுவார்கள். பிறகு உங்கள் கருத்தைச் சொல்லி, அவர்கள் மறுத்துக் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். உருப்போட்டது அங்கே உதவாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் பாளை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் ஒரு மணி நேரம் பிரெஞ்சு மட்டும் பேசலாம் என்று இருக்கிறேன். ப்ளஸ் ஒன் பிள்ளைகளும் வரலாம். தப்பாகப் பேசினாலும் சரி. யார் யார் வருகிறீர்கள்?