டபுள் ட்ராக்கிங்: "இரட்டை" வேண்டாம், "அடுக்கு" போதும்

குழுவினருக்கு வணக்கம். ஒரே பாடகர் ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் பதிவு உத்திதான் டபுள் ட்ராக்கிங். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன சொல் வைப்பது என்பதையொட்டி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்:

> "ஜான் அண்ட் டீன் கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற இரட்டையர். இரட்டைத் தடப்பதிவு முறையில் இரட்டைக் குரலில் பாடினர்." கட்டுரையில் இப்படி எழுதிவிடலாமா?

எழுதலாம், படிப்பவருக்குத்தான் ஒன்றும் புரியாது. ஒரே மூச்சில் "இரட்டை" மூன்று முறை வந்துவிட்டது. முதலாவது ஆள் கணக்கு. இரண்டாவது டேப்பில் உள்ள தடங்களின் கணக்கு. மூன்றாவது, ஒரே ஆள் ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பது. போதாததற்கு, ஜான் பெரியும் டீன் டாரன்ஸும் கூடப் பிறந்தவர்கள் என்றும் சிலர் நினைத்துக்கொள்வார்கள். இல்லை, லாஸ் ஏஞ்சலஸில் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள், அவ்வளவுதான்.

பாடகர்களைக் குறிக்க "இரட்டையர்" நம் காதுக்குப் பழகிய சொல். அதில் கை வைக்க வேண்டாம். மாற வேண்டியவை மற்ற இரண்டும்.

அதற்கு முன் சின்ன வேலையை முடித்துவிடுகிறேன். பட்டியலில் வோகல் சர்ஃப் ராக் என்பதற்குக் "குரல்வழி அலைச்சறுக்கு ராக்" என்று ஒரு சொல் இருந்தது. இவ்வளவு நீளம் எதற்கு? கிட்டார் கலைஞர் டிக் டேல் வாசித்தது போலக் கிட்டாரே பேசுகிற வகைக்கு அலைச்சறுக்கு இசை. வாய்விட்டுப் பாடுகிற வகைக்கு அலைச்சறுக்குப் பாட்டு. இசை, பாட்டு என்று தமிழில் ஏற்கெனவே வேறுபாடு இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் போதும்.

சரி, டபுள் ட்ராக்கிங்குக்கு வருகிறேன். சொல் தேடுவதற்கு முன்னால் ஸ்டூடியோவில் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட வேண்டும். 1963-ல் ஹாலிவுட்டின் வெஸ்டர்ன் ஸ்டூடியோவில் பீச் பாய்ஸ் என்ற பாட்டுக் குழு பதிவு செய்தது மூன்று தட டேப்பில். முதலில் வாத்தியங்கள். அப்புறம் ஒரு தடத்தில் குரல். அதன்பின் பாடகர் தான் பாடியதையே ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு, அதே வரியை, அதே சுரத்தில், அதே இடத்தில் மூச்சு வாங்கி மறுபடி பாடுவார். எவ்வளவு கவனமாகப் பாடினாலும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகாது. சுருதி ஒரு நூல் ஏறும், இறங்கும். ஒரு சொல் கொஞ்சம் முந்தும், இன்னொன்று பிந்தும். அந்த விலகலில்தான் முழு விஷயமும் இருக்கிறது. இடைவெளி சுமார் 30 மில்லிநொடிக்குள் இருந்தால் காது அதை எதிரொலி என்று பிரித்துக் கேட்காது. ஒரே குரல்தான், ஆனால் கனத்த, பளபளப்பான குரல் என்று எடுத்துக்கொள்ளும். அந்த ஆண்டு வந்த 'சர்ஃபின் யூ.எஸ்.ஏ.' ஆல்பத்தில் இதை நெடுகக் கேட்கலாம்.

உத்தி அவர்கள் கண்டுபிடித்ததல்ல. நாற்பதுகளின் கடைசியிலேயே பாடகி பேட்டி பேஜ் தன் குரலோடு தானே சேர்ந்து பாடி இசைத்தட்டு போட்டார். 1951-ல் கிட்டார் கலைஞர் லெஸ் பாலும் பாடகி மேரி ஃபோர்டும் ஒரு பெண்குரலையே பெண்கள் கூட்டமாக்கிக் காட்டினார்கள். ஆனால் அலைச்சறுக்குப் பாட்டுக்கு இது வெறும் அலங்காரமாக இல்லை, தேவையாகவே இருந்தது. பாட்டில் வருவது கடற்கரை, கார், ஒரு பட்டாளம் பையன்கள். ஜான் அண்ட் டீன் தட்டின் லேபிளில் இருப்பதோ இரண்டே பேர். இரண்டு பேர் ஒரு பட்டாளமாகக் கேட்க வேண்டும் என்றால் வேறு வழி என்ன?

ஜான் பெரிக்கு இது ஆரம்பத்திலேயே பிடிபட்டிருந்தது. 1958-ல் அவருடைய முதல் வெற்றிப் பாட்டு வீட்டுக் கார் ஷெட்டில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவானது. டீன் அப்போது ராணுவ ரிசர்வ் பயிற்சிக்குப் போய்விட்டதால் கூடப் பாடிய ஆர்னியின் பெயரோடு லேபிளில் ஜான் அண்ட் ஆர்னி என்றுதான் வந்தது. 1963 ஜூலையில் 'சர்ஃப் சிட்டி' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அலைச்சறுக்குப் பாட்டு ஒன்று அங்கே முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பாட்டை எழுதத் தொடங்கி ஜானுக்குக் கொடுத்தவர் பீச் பாய்ஸின் பிரையன் வில்சன். பதிவில் அவர் குரலும் உண்டு. சொந்தக் குழு முதலிடத்தைத் தொடாத நேரத்தில் நல்ல பாட்டை வெளியே தூக்கிக் கொடுத்துவிட்டானே என்று அவருடைய அப்பா மர்ரி வில்சனுக்கு ஒரே ஆத்திரம்.

"இரட்டைக் குரல்" ஏன் ஆகாது என்பதற்கு இதுவே பாதிக் காரணம். இந்தத் தட்டுகளில் லேபிளில் இருக்கும் பெயரையும் உள்ளே கேட்கும் குரலையும் நம்பி ஒன்றாகச் சேர்க்க முடியாது. 1964-ல் மூன்றாமிடம் வரை போன ஜான் அண்ட் டீனின் 'தி லிட்டில் ஓல்ட் லேடி ஃப்ரம் பாசடீனா' பாட்டில் அந்த உச்சக் குரல் டீனுடையது அல்ல, பி. எஃப். ஸ்லோன் பாடியது. மாறாக, 1965-ல் பீச் பாய்ஸ் வெளியிட்ட 'பார்பரா ஆன்' பாட்டில் பிரையனோடு உச்சத்தில் நிற்பது டீன். அவர் வேறு கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் பெயர் போடவில்லை. இன்னும் வேடிக்கை ரிப் கார்ட்ஸ் என்ற குழு. அவர்கள் பெயரில் வந்து 1964 தொடக்கத்தில் நாலாமிடம் பிடித்த 'ஹே லிட்டில் கோப்ரா'வைப் பாடியது டெர்ரி மெல்ச்சரும் புரூஸ் ஜான்ஸ்டனும். அவர்களும் ஒரு இரட்டையர், புரூஸ் அண்ட் டெர்ரி என்று தனியாகவும் தட்டு போட்டவர்கள்! இவ்வளவு குரலும் அந்த இரண்டு தொண்டையிலிருந்து வந்தவை, திரும்பத் திரும்பப் பாடி அடுக்கியவை. இந்தக் கூத்தை "இரட்டைக் குரல்" என்று எழுதினால் எந்த இரட்டை என்று யார் சொல்வது?

"தடம்" என்ற பகுதியும் எனக்கு உவப்பாக இல்லை. இரட்டைத் தடப்பதிவு என்றால் டேப்பில் இரண்டு தடம் இருக்கிறது என்றுதான் எவரும் படிப்பார். அது ஸ்டீரியோவுக்குப் போய்விடும். நம் ஸ்டூடியோக்களில் "ட்ராக் பாடுவது" என்றால் வேறு அர்த்தம் என்பது உங்களுக்கே தெரியும்.

என் பரிந்துரை: குரலடுக்கு.

இலக்கணத்தில் நம்மிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன, அடுக்குத்தொடரும் இரட்டைக்கிளவியும். "வருக வருக" என்பதில் ஒரு சொல்லை எடுத்தாலும் மற்றது தானே நிற்கும். "சலசல"வில் பாதியை எடுத்தால் ஒன்றும் இல்லை. இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா என்று தொல்காப்பியம் சொல்வது அதைத்தான். டபுள் ட்ராக்கிங்கில் ஒவ்வொரு தடவையும் முழுதாகப் பாடப்பட்டது, தனியாகப் போட்டாலும் அது பாட்டுதான். ஆகவே அடுக்கு. 1966-ல் லண்டன் இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் ஒலிப்பொறியாளர் கென் டவுன்செண்ட் செய்த ஏற்பாடு வேறு. ஒரே வரியை மறுபடி மறுபடி பாடி பீட்டில்ஸுக்கு, குறிப்பாக லென்னனுக்கு, அலுத்துப்போயிருந்தது. டவுன்செண்ட் பாடிய குரலை இன்னொரு டேப் எந்திரத்துக்கு அனுப்பி, சில பத்து மில்லிநொடி தள்ளி, மூலத்தோடு கலந்துவிட்டார். அங்கே இரண்டாவது முறை யாரும் பாடவே இல்லை. பிரித்தால் இரண்டாவது என்று ஒன்று கிடையாது. அதை இரட்டிப்பு என்று சொல்லட்டும், தானியங்கி இரட்டிப்பு. ஒரு சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

இன்னொரு வசதி. இரண்டோடு நிற்காமல் மூன்று தடவை பாடுகிறவர்களும் உண்டு. "இரட்டை" என்று பெயர் வைத்தால் அங்கே முட்டும். ஒரு சொல் இரண்டு மூன்று நான்கு வரை அடுக்கும் என்று நன்னூல் இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறது. ஈரடுக்குக் குரல், மூவடுக்குக் குரல் என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

*

மறுமொழி:

வணக்கம் ஐயா.

நான் சென்னையில் ஒலிப்பதிவு வேலையில் இருப்பவன். இலக்கணம் எனக்கு எட்டாது, வேலை இடத்தில் என்ன பேசுகிறோம் என்று மட்டும் சொல்கிறேன்.

> "ட்ராக் பாடுவது" என்றால் வேறு அர்த்தம்

ரொம்பச் சரி. பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் இன்னொருவர் மாதிரிக்குப் பாடி வைப்பதுதான் ட்ராக். "தடம்" வந்தால் எங்கள் ஆட்கள் அதைத்தான் நினைப்பார்கள்.

ஆனால் அடுக்கு என்பதில் எனக்கு ஒரு உதைப்பு இருக்கிறது. நாங்கள் "லேயர் போடலாம்" என்று சொல்வது பெரும்பாலும் ஹார்மனிக்கு. ஒருவர் கீழே, ஒருவர் நடுவில், ஒருவர் மேலே என்று வெவ்வேறு சுரத்தில் பாடி வைப்பது. அடுக்கு என்றால் அதுதானே முதலில் தோன்றும்? பீச் பாய்ஸ் பாட்டில் இரண்டும் இருக்கிறது. பிரையன் வில்சன் ஃபோர் ஃப்ரெஷ்மென் குழுவைக் கேட்டுக் கேட்டு வளர்த்துக்கொண்ட ஹார்மனி ஒன்று, அதன்மேல் அதே வரிகளை மறுபடி பாடியது இன்னொன்று. இரண்டுக்கும் அடுக்கு என்றால் கட்டுரை எழுதுகிறவர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

அப்புறம் ஒரு சந்தேகம். ஜான் பெரி தன் பதிவுகளில் ஹல் பிளெய்ன், எர்ல் பாமர் என்று இரண்டு டிரம்மர்களை உட்கார வைத்து ஒரே வாசிப்பை ஒரே நேரத்தில் வாசிக்க வைப்பாராம். கேட்டால் அடி கனமாக விழுகிறது, டபுளிங் செய்த மாதிரியே. அதையும் டிரம்ஸ் அடுக்கு என்பீர்களா?

*

மறுமொழி:

தம்பி, நல்ல கேள்வி. இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், முதலாவதற்கும் அது உதவும்.

டிரம்மர் விஷயம் அடுக்கு அல்ல. இரண்டு ஆள், ஒரே நேரம், ஒரே பதிவு. கோயில் வாசலில் இரண்டு தவில்காரர் உட்கார்ந்தால் இரட்டைத் தவில் என்கிறோம், இரட்டை நாயனம் என்கிறோம். பிளெய்னும் பாமரும் சேர்ந்து வாசித்தது இரட்டை டிரம்ஸ். "இரட்டை"யை எங்கே வைக்க வேண்டும் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள்: ஆள் இரண்டு, நேரம் ஒன்று. ஆள் ஒன்று, நேரம் இரண்டு என்றால் அடுக்கு. ஜானும் டீனும் ஒரே மைக்கின் முன் நின்று ஒரே வரியைச் சேர்ந்து பாடினால் அது இரட்டையர் பாட்டு. ஜான் தன் வரியை மறுபடி பாடினால் குரலடுக்கு. 1964 அக்டோபரில் சாண்டா மோனிகாவில் படமான டாமி ஷோ என்ற இசை நிகழ்ச்சியை ஜானும் டீனும்தான் தொகுத்து வழங்கினார்கள், பாடவும் செய்தார்கள். நேரடி மேடை, அடுக்குக்கு அங்கே வழியில்லை. தட்டைக் கேட்டுவிட்டு அதைப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்குப் பளிச்சென்று தெரிகிறது.

> அடுக்கு என்றால் அதுதானே முதலில் தோன்றும்?

"லேயர்" மனதில் இருந்தால் அப்படித் தோன்றும். அடுக்குத்தொடர் மனதில் இருந்தால் தோன்றாது. "பாம்பு பாம்பு" அடுக்கு. "பாம்பு பல்லி" அடுக்கு இல்லை. ஒன்றே திரும்ப வர வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வேறு வேறு சுரத்தில் இணைந்து வருவதற்கு ஒத்திசைக் குரல்கள் என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். "ஒத்திசைக் குரல்கள் ஒவ்வொன்றும் ஈரடுக்காகப் பாடப்பட்டன" என்று எழுதினால் பீச் பாய்ஸ் முறை ஒரே வரியில் வந்துவிடுகிறது.

ஆனாலும் உங்கள் பயம் வீண் என்று தள்ள மாட்டேன். ஸ்டூடியோவில் ஓடாத சொல் அகராதியில் தூங்கும். பாடகரிடம் நீங்கள் சொல்லிப் பாருங்கள்: "இதையே இன்னொரு தடவை அடுக்கிப் பாடுங்க." வாயில் வருகிறதா?

*

மறுமொழி:

வருகிறது ஐயா. ஆனால் கன்சோல் பக்கம் திரும்பினால் "டபுள்" என்றுதான் என் வாய் சொல்லும், அதை மறைக்க முடியாது. பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தில் குரலடுக்குக்கு என் ஓட்டு. கிட்டாரை மறுபடி வாசித்துச் சேர்ப்பதும் உண்டு, அதற்குக் கிட்டார் அடுக்கு என்று அப்படியே நீட்டலாம். "குரல்" என்ற பகுதியைக் கழற்ற முடிகிறது என்பது எனக்குப் பெரிய வசதியாகத் தெரிகிறது.

*

மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. கேள்வி கேட்டவன் நான்தான். வாக்கியத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த இரட்டையர் ஜான் அண்ட் டீன். பிற பாடகர்களின் துணையோடும் குரலடுக்கு உத்தியாலும் தங்கள் அலைச்சறுக்குப் பாட்டுகளுக்குப் பெருங்கூட்டத்தின் ஓசையைக் கொடுத்தனர்."

டீன், ஸ்லோன் பற்றி ஐயா எழுதியதில் வரும் உச்சக் குரலுக்கு, அதாவது ஃபால்செட்டோவுக்கு, பட்டியலில் "கள்ளக்குரல்" என்று போட்டிருந்தேன். கச்சேரி உலகில் அது குற்றம் சொல்லும் சொல், இங்கே அதுதான் பாட்டின் அழகே. "பொய்க்குரல்" என்றாலும் அதே கதை. இன்றிரவு அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். தொண்டையில் என்ன நடக்கிறது என்று தெரிந்த பாடகர் யாராவது குழுவில் இருந்தால் அங்கே வரவும்.