ஃப்ரோஸன் ஷோல்டர்: ஸ்பென்சர் 6-வது நிலையில் வலி கூடுது, எங்கே மாத்தணும்?

வைகைக்கரை_பிசியோ

பேஷன்ட் 52 வயசு அம்மா, ஃப்ரோஸன் ஷோல்டர் (தோள்மூட்டு இறுகிப்போறது). சர்க்கரை இருக்கு. இடது தோள் நாலு மாசமா கொஞ்சம் கொஞ்சமா இறுகிக்கிட்டு வருது. எக்ஸ்ரேயில் ஒண்ணும் இல்ல. மல்லாக்கப் படுக்க வச்சு, கை உடம்பை ஒட்டி இருக்கும்போது கோனியோமீட்டர்ல (கோணம் அளக்கிற கருவி) அளந்தா எக்ஸ்டர்னல் ரொட்டேஷன் (வெளிச்சுழற்சி, முன்கையை வெளிப்பக்கமாத் திருப்புறது) 15 டிகிரி, அப்டக்‌ஷன் (கையைப் பக்கவாட்டில் தூக்குறது) 70. கையைப் பின்னால கொண்டுபோகச் சொன்னா புட்டத்தோட நின்னுடுது. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டாலே முழிப்பு வந்துடுதாம்.

வாரத்துக்கு ரெண்டு தடவை ஸ்பென்சர் முறையோட (தோளைப் படிப்படியா அசைச்சு இளக்குற கைச்சிகிச்சை) ஏழு நிலையும் முழுசா கொடுக்கிறேன். அஞ்சாவது வரைக்கும் தாங்குறாங்க. ஆறாவதுல, புறங்கையை இடுப்புக்குப் பின்னால வச்சு முழங்கையை முன்பக்கமா இழுக்கும்போது துள்ளிடுறாங்க. அன்னைக்கு ராத்திரியும் மறுநாளும் வலி கூடுது.

ஆறாவதை விட்டுடலாமா? மஸில் எனர்ஜியை (பேஷன்ட் லேசா தள்ள, நாம தடுத்துப் பிடிச்சு, தளர்ந்ததும் நகர்த்துறது) சேர்த்தா எவ்வளவு பலம், எத்தனை செகண்ட்? கவுண்டர்ஸ்ட்ரெய்ன் (வலி குறையிற நிலையில வச்சுத் தளர்த்துறது) இதுக்குப் பயன்படுமா? கழுத்துலயும் மேல்முதுகுலயும் சொடக்கு எடுத்துவிட்டா தோள் விடும்னு ஒருத்தர் சொல்றார், அதையும் கேட்டு வைக்கிறேன்.

கைப்பக்குவம்

ஆறாவது நிலையைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி, இது எந்தக் கட்டம்னு பாருங்க. நாலு மாசம், ராத்திரி வலி, இன்னும் இறுகிக்கிட்டே போகுது. அப்படின்னா கேப்சூல்ல (மூட்டைச் சுத்தியிருக்கிற உறை) அழற்சி அடங்கல. இந்தக் கட்டத்துல தடை (மூட்டு அசைவு நிக்கிற எல்லை) வரைக்கும் போய் அதைத் தாண்டத் தள்ளினா, அந்த ராத்திரியே பதில் வந்துடும். வலி போய் வெறும் இறுக்கம் மட்டும் மிஞ்சுற அடுத்த கட்டத்துலதான் ஸ்பென்சரை முழு வீச்சில் செய்யணும். இப்போ செய்யவே கூடாதுன்னு சொல்லல, அளவைப் பாதியாக் குறைங்க.

இனி கை வைக்கிற விதம். பேஷன்ட் நல்ல பக்கம் ஒருக்களிச்சு, தலைக்குத் தலையணை, முதுகு மேஜைக்கு நேர் செங்குத்தா. நீங்க முகத்துக்கு எதிரே. தலைப்பக்கம் இருக்கிற உங்க கை, தோள் உச்சியைப் பாலம் மாதிரி மூடணும்: கட்டைவிரல் முன்னால காலர் எலும்புப் பக்கம், மத்த விரல்கள் பின்னால ஸ்கேப்புலா (தோள்பட்டை எலும்பு) முள் மேல. நிறையப் பேர் இந்தக் கையைச் சும்மா ஓய்வா வச்சிடுறாங்க. ஆனா முழு வேலையும் இதுலதான். கையைத் தூக்கும்போது மூணுல ரெண்டு பங்கு தோள்மூட்டு, ஒரு பங்கு ஸ்கேப்புலா அசையும். மூட்டு இறுகினவங்களுக்கு ஸ்கேப்புலா அந்தப் பங்கைத் தாண்டி ஓடும். நீங்க பிடிக்கலன்னா 90 டிகிரி வந்துடுச்சுன்னு நினைப்பீங்க, மூட்டு 50-லயே நின்னிருக்கும். விரல் நுனிக்குக் கீழே ஸ்கேப்புலா நகர ஆரம்பிக்கிற அந்த நொடிதான் தடை. கை எவ்வளவு தூரம் போச்சுங்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

முதல் நிலை: முழங்கை மடக்கி, கையைப் பின்னோக்கி. ரெண்டாவது: முழங்கை நீட்டி, முன்னால கொண்டுவந்து தலைப்பக்கம். மூணாவது: முழங்கை மடக்கி, அப்டக்‌ஷன்ல வச்சு, தோள்குழிக்குள்ள லேசா அழுத்தி முழங்கையால வட்டம். புத்தகத்துல 90 டிகிரின்னு இருக்கும். உங்க பேஷன்ட்டுக்கு 70-தான் வருதுன்னா 60-ல வட்டம் போடுங்க. நாலாவது: கையை நீட்டி, மணிக்கட்டைப் பிடிச்சு மேல இழுத்தபடி வட்டம். ரெண்டுலயும் ஒவ்வொரு திசைக்கும் 15 முதல் 30 செகண்ட், எலுமிச்சம்பழ அளவு வட்டத்துல ஆரம்பிச்சு மெதுவா பெரிசாக்கலாம். வலி அதிகமா இருக்கிறவங்களுக்கு மூணாவதை விட்டுட்டு நாலாவதுக்கு நேரம் கொடுங்க. அழுத்தத்தைவிட இழுப்பு அவங்களுக்கு இதம்.

அஞ்சாவதுல ரெண்டு பகுதி: முழங்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோறது; அப்புறம் அவங்க கையை உங்க முன்கை மேல பிடிக்கச் சொல்லி முழங்கையைக் காதுப்பக்கம் தூக்குறது.

ஆறாவதுல ஏன் துள்ளுறாங்க? இடுப்புக்குப் பின்னால கை போகாதவங்க கையை அங்கே கொண்டுபோய் வைக்கிறதே முதல் வன்முறை. முழங்கையை இழுக்கிறதுக்கு முன்னாடியே தடை தாண்டியாச்சு. புறங்கையை இடுப்பு எலும்பு மேலயோ, விலாவுக்குப் பக்கவாட்டிலோ வச்சுக்கோங்க. அங்கிருந்து முழங்கையை முன்னால ரெண்டு மூணு சென்டிமீட்டர் கொண்டுவந்தாலே போதும். இன்னொண்ணு: மணிக்கட்டையோ முன்கையையோ பிடிச்சு இழுக்காதீங்க. முன்கை நீளமான நெம்புகோல், உங்களுக்குத் தெரியாமலே தோளுக்குள்ள பெரிய முறுக்கு போயிடும். முழங்கைக்குப் பின்னால உள்ளங்கையை வச்சு மட்டும்.

ஏழாவதை விடாதீங்க. அவங்க கையை உங்க தோள் மேல போட்டு, நீங்க ரெண்டு கை விரலையும் கோத்து, அக்ரோமியனுக்கு (தோள் உச்சி எலும்பு) சற்றுக் கீழே மேல்கையைச் சுத்திப் பிடிச்சு, கால்பக்கமா இழுத்து விட்டு இழுத்து விட்டு. வலியோட வந்தவங்க இதுலதான் கண்ணை மூடித் தளர்வாங்க.

தசைநாண்

மேல சொன்னதுக்கு ஒத்துப் போறேன். ஆனா முக்கியமான ஒண்ணை யாரும் சொல்லல. ஃப்ரோஸன் ஷோல்டர்ல முதல்ல போறதும், அதிகமா போறதும் எக்ஸ்டர்னல் ரொட்டேஷன். ஸ்பென்சர் 1916-ல எழுதிவச்ச வரிசையில அதுக்குத் தனி நிலையே இல்ல, அஞ்சாவதோட ஒட்டிக்கிட்டு கொஞ்சம் வரும், அவ்வளவுதான். முன்பக்கக் கேப்சூலும் சப்ஸ்கேப்புலாரிஸும் (ஸ்கேப்புலாவின் முன்பக்கத் தசை) இறுகியிருக்கும்போது, பின்பக்கத்தைச் சோதிக்கிற ஆறாவதுல மல்லுக்கட்டி என்ன பிரயோஜனம்? 15 டிகிரி 35 ஆகட்டும், கை தானா மேலயும் போகும்.

மல்லாக்கப் படுக்க வைங்க. மேல்கை மேஜையை விட்டுப் பின்னால சரியாம இருக்க, முழங்கைக்குக் கீழே ஒரு மடிச்ச துண்டு. முழங்கை விலாவை ஒட்டி, 90 டிகிரி மடக்கி. முன்கையை வெளிப்பக்கமா மெதுவா சாய்ச்சு, முதல் எதிர்ப்பு தெரிஞ்ச இடத்துல நில்லுங்க. அங்கிருந்து ஒரு நூல் அளவு பின்வாங்கினாலும் நல்லதே. "என் கையை வயித்துப் பக்கமா லேசா தள்ளுங்கம்மா, நான் விடமாட்டேன், ஜெயிக்கப் பார்க்காதீங்க"ன்னு சொல்லுங்க. முழுப் பலத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். 5 செகண்ட். "விடுங்க." இங்கேதான் பெரும்பாலானவங்க அவசரப்படுறாங்க. விடச் சொன்ன உடனே தள்ளாதீங்க, தசை முழுசா தளர ரெண்டு செகண்டாவது ஆகும். மூச்சு வெளிய போகும்போது புது எல்லைக்கு நகருங்க. 3 முதல் 5 சுற்று. மூணாவது சுற்றுக்கு அப்புறம் ஒண்ணும் கிடைக்கலன்னா நிறுத்திடுங்க.

மஸில் எனர்ஜி வேலை செய்யலன்னு சொல்றவங்ககிட்ட பாருங்க, பேஷன்ட் பல்லைக் கடிச்சுத் தள்ளிக்கிட்டு இருப்பார். அப்படித் தள்ளினா பெக்டோராலிஸ் (மார்புத் தசை) மாதிரி பெரிய தசை மொத்தமும் சேர்ந்துக்கும், நமக்கு வேண்டிய தசை தனியா கிடைக்காது. தசை பிடிச்சுக்கிறதும் இதனாலதான். மூச்சை அடக்கினா அதுவும் ஒரு அறிகுறி. வாய்விட்டு எண்ணச் சொல்லுங்க, எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது. வலி வந்தா அவங்க தள்ளுற பலத்தைக் குறைங்க. அப்பவும் வந்தா, திசையை மாத்தி, வெளிப்பக்கமாத் தள்ளச் சொல்லிப் பாருங்க.

ஸ்பென்சர் நிலைகளுக்கும் இதே கணக்குதான். முதல் நிலையில முழங்கையை முன்னால தள்ளச் சொல்லணும், ரெண்டாவதுல கால்பக்கமா, ஆறாவதுல பின்னால. ஏழு நிலைக்கும் மஸில் எனர்ஜி போடணும்னு ஆசைப்படாதீங்க. ஒரு நாளைக்கு ரெண்டு திசை போதும்.

மெதுநடை

கவுண்டர்ஸ்ட்ரெய்னுக்கு வர்றேன். அமெரிக்காவுல லாரன்ஸ் ஜோன்ஸ் 1955-ல ஆரம்பிச்ச முறை. தடையை நோக்கிப் போகாம, வலி குறையிற பக்கம் சுருட்டி வைக்கிறது. உங்க பேஷன்ட் இருக்கிற கட்டத்துக்கு முதல்ல இதைத்தான் எடுக்கணும்.

சப்ஸ்கேப்புலாரிஸ்: அக்குளின் பின்சுவர் வழியா ஸ்கேப்புலாவின் வெளி ஓரத்து முன்பக்கத்தை விரல் நுனியால தொடுங்க. நகம் வெட்டியிருக்கணும், அந்த இடம் அவ்வளவு கூச்சமானது. அந்த வலிக்கு 10-னு பேர் வச்சுடுங்க. மல்லாக்கப் படுத்தபடியே மேல்கையை மேஜை ஓரத்துக்கு வெளியே கீழ்நோக்கி இறக்கி, உட்பக்கமா திருப்புங்க. வலி 3-க்குக் கீழே வர்ற வரைக்கும் கோணத்தை மாத்திப் பாருங்க. இறக்குறதே வலிச்சா, அந்தத் திசை இன்னைக்கு அவங்களுக்கு இல்ல.

சுப்ராஸ்பினாடஸ் (ஸ்கேப்புலாவின் மேல்பக்கத் தசை): ஸ்கேப்புலா முள்ளுக்கு மேல இருக்கிற பள்ளத்துல புள்ளி. கையை முன்னால 45, வெளியே 45, அப்புறம் லேசா வெளிச்சுழற்சி. வெளிச்சுழற்சி 15-தான் இருக்குன்னா அந்த 15-க்குள்ளயே.

நிலை கிடைச்சதும் 90 செகண்ட். கடிகாரம் பார்த்துக்கோங்க, மனசுல எண்ணினா 40-லயே முடிச்சிடுவோம். விரல் புள்ளியை விட்டு விலகக் கூடாது, அழுத்தவும் கூடாது. திரும்பக் கொண்டுவர்றது மெதுவா, அதுலயும் முதல் சில டிகிரி ரொம்ப மெதுவா. பேஷன்ட் தானா உதவ வந்தா, "நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க"ன்னு சொல்லி நிறுத்திட்டுத் தொடருங்க. கடைசியில வேகமா இறக்கினா அந்த 90 செகண்டும் வீண். மறுநாள் லேசா உடம்பு வலி வரலாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. ஒரு தடவைக்கு நாலஞ்சு புள்ளிக்கு மேல வேண்டாம்.

நெறிகட்டி

சொடக்கு விஷயம். மேல்முதுகு இறுக்கத்தை விடுவிச்சா ஸ்கேப்புலா நல்லா ஓடும், அது உண்மை. அதுக்குத் திடீர்த் தள்ளல் அவசியமில்ல. குப்புறப் படுக்க வச்சு மெதுவா ஏத்தி இறக்குற அழுத்தமே போதும், முதல் விலா எலும்பையும் சேர்த்துப் பாருங்க. கழுத்துல தோளுக்காகத் திருகித் தள்ளாதீங்க. ருமட்டாய்டு மூட்டுவாதம் இருக்கிறவங்களுக்கு அட்லஸ்-ஆக்சிஸ் (கழுத்தின் முதல் ரெண்டு எலும்பு) மூட்டு தளர்ந்திருக்கலாம். தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குளறல், திடீர்னு வந்த புதுவிதக் கழுத்துவலி, இதுல எது இருந்தாலும் கழுத்தைத் தொடாம டாக்டர்கிட்ட அனுப்புங்க. தோளே கேப்சூல்ல இறுகியிருக்கும்போது கழுத்துச் சொடக்கால அது விடாது. மண்டையோட்டுத் தாளம் (தலையில கை வச்சு உணர்றதாச் சொல்ற அசைவு) பார்த்துத் தோளைச் சரிபண்றேன்னு சொல்றவங்களையும் கழுத்துச் சொடக்குப் பட்டியல்லயே சேர்த்துக்கோங்க. ரெண்டு பேர் ஒரே தலையில் கை வச்சா ஒரே தாளம் சொல்றதில்ல.

எக்ஸ்ரே சுத்தம்ங்கிறது நல்லது. பின்பக்கமா விலகின மூட்டு முன்பக்கப் படத்துல மட்டும் பார்த்தா தப்பிடும், அதுக்கும் எக்ஸ்டர்னல் ரொட்டேஷன் வராது. விழுந்தாங்களா, வலிப்பு வந்துச்சான்னு ஒரு வார்த்தை கேட்டு, அக்குள் வழியா எடுக்கிற படமும் இருக்கான்னு பாருங்க. கை அசைக்காமலே மாறாத வலி, எடை குறைவு, கண்ணிமை தொங்கல் இருந்தா நுரையீரல் உச்சியில கட்டி இருக்கான்னு பார்க்கச் சொல்லணும். தைராய்டும் ஒரு தடவை பார்த்துடலாம்.

ராத்திரி வலி இப்படியே நீடிச்சா, மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி பத்தி ஆர்த்தோகிட்ட பேசச் சொல்லுங்க. ஆரம்பக் கட்டத்துல வலிக்கு நல்லாக் கேட்கும். சர்க்கரை சில நாள் ஏறும், அதை முன்கூட்டியே அந்த அம்மாவுக்குச் சொல்லணும்.

ஸ்பென்சர் பத்தி 2002-ல 29 முதியவர்களை வச்சு அமெரிக்காவுல ஒரு ஒப்பீட்டு ஆய்வு வந்தது. ரெண்டு குழுவுமே முன்னேறுச்சு, கைச்சிகிச்சை பெற்ற குழு மட்டும் சிகிச்சை நின்ன பிறகும் அசைவைக் கூட்டிக்கிட்டே போச்சு. எண்ணிக்கை சின்னது, எல்லாரும் ஃப்ரோஸன் ஷோல்டரும் இல்ல. அதனால இதை வச்சு பேஷன்ட்கிட்ட வாக்குறுதி கொடுக்க வேண்டாம்.

வைகைக்கரை_பிசியோ

எல்லாருக்கும் நன்றி. அப்போ வரிசை: 10 நிமிஷம் ஒத்தடம், சப்ஸ்கேப்புலாரிஸ் கவுண்டர்ஸ்ட்ரெய்ன், எக்ஸ்டர்னல் ரொட்டேஷனுக்கு மஸில் எனர்ஜி, ஸ்பென்சர்ல 1, 2, 4, 7. ஆறாவது இப்போதைக்கு இல்ல. சரிதானே? எப்போ திரும்பச் சேர்க்கிறது?

கைப்பக்குவம்

சரி. சர்க்கரை உள்ளவங்க, ஒத்தடத்துக்கு முன்னாடி தோல் உணர்ச்சியைச் சோதிச்சுடுங்க, சுட்டாலும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் எக்ஸ்டர்னல் ரொட்டேஷனை அளந்து எழுதுங்க, ஆனா மறுநாள் காலையில ராத்திரித் தூக்கம் எப்படின்னு போன்ல கேட்கிறதுதான் உங்க உண்மையான அளவுகோல். வலி 24 மணி நேரத்துக்கு மேல நின்னா அடுத்த தடவை சுற்றைப் பாதியாக்குங்க. ராத்திரி வலி போய், எல்லையில வர்ற வலி கைவிட்டதும் உடனே அடங்குதுன்னா ஆறாவதைச் சேர்க்கலாம், அப்பவும் புறங்கை இடுப்பு எலும்பு மேலதான். வீட்டுல முன்னால குனிஞ்சு கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுறது, குச்சியைப் பிடிச்சு வெளிப்பக்கம் தள்ளுறது, நாளைக்கு மூணு வேளை அஞ்சு நிமிஷம். தூங்கும்போது மல்லாக்கப் படுத்து, முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை.