அனுபவப் பகிர்வு: ஆன்மிக வழியில் அகங்காரம் தலைகாட்டிய தருணம்

உழவாரத் தொண்டன்:
எங்கள் குழு மாதம் ஒரு ஞாயிறு ஏதேனும் ஒரு சிவன் கோயிலில் உழவாரப் பணி, அதாவது களை செதுக்கித் துப்புரவு செய்யும் தொண்டு, செய்கிறது. அப்பர் பெருமான் கையில் ஏந்திய கருவியைப் பற்றி இங்குள்ளோருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் வெளிப்பிராகாரத்தில் நெருஞ்சியைக் கொத்திக்கொண்டிருந்தபோது, தரிசனம் முடித்து வந்த மூதாட்டி ஒருவர் என்னைக் கூலியாள் என்று எண்ணி, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய்த் தாளை நீட்டினார். மண் படிந்த கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "அம்மா, நான் வங்கி மேலாளர்" என்றேன். "யாரா இருந்தா என்னப்பா, வெயில்ல நிக்கிற, டீ குடி" என்று தாளை என் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்காத கேள்விக்கு நான் அத்தனை விரைவாகச் சொன்ன பதில் இன்றும் உறுத்துகிறது.

மௌனி:
ஐயா, அதைச் சுயமரியாதை என்றே நான் கொள்வேன். உழைப்பவரை இழிவாக நினைத்து நீங்கள் அதைச் சொல்லவில்லை. எனக்கோ அந்தச் சமாதானமும் இல்லை. பேசாமல் இருந்து தியானம் பழகும் பத்து நாள் விபாசனா முகாமில், ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல், கண் திறக்காமல் அமரும் அமர்வுகள் உண்டு என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஆறாம் நாள், முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு முதன்முறையாக அசையாதிருந்த நான், அமர்வு முடியச் சில நிமிடங்களே இருக்கையில், மற்றவர்களில் எத்தனை பேர் அசைந்துவிட்டார்கள் என்று எண்ணிப் பார்க்கக் கண்ணைத் திறந்தேன். பக்கத்து வரிசையில் ஒரு பெண்மணியும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் சட்டென்று மூடிக்கொண்டோம். மௌனம் கலைந்த பத்தாம் நாள் ஊர், பிள்ளைகள், உணவு என்று எல்லாவற்றையும் பேசினோம். அதை மட்டும் பேசவில்லை.

சித்தாந்த மாணவன்:
தலைப்பே பிழை. சைவ சித்தாந்தத்தில் அகங்காரம் என்பது மாயையில் தோன்றும் அந்தக்கரணம், அதாவது உட்கருவி, நான்கில் ஒன்று. ஆணவமோ செம்பில் களிம்பு போல உயிரை அநாதியாகப் பற்றிய மலம், அதாவது அழுக்கு, முத்தியிலும் அழியாது, அதன் வலிமை மட்டுமே ஒடுங்கும். ஆணவத்தின் வடிவம் யாது என்று கேட்டு நின்ற சகலாகம பண்டிதரையே, சித்தாந்த ஆசான் மெய்கண்டார் அடி முதல் முடி வரை ஆணவத்தின் வடிவமாகச் சுட்டிக் காட்டினார் என்ற வரலாற்றை மௌனி அம்மையார் அறிந்திருந்தால் சுயமரியாதை என்று சமாதானம் சொல்லியிருக்க மாட்டார். தொண்டர் ஐயா குழுவில் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு, ஓராண்டு அடியார்களின் காலணி காக்கும் பணியை ஏற்கலாம். அம்மையார் எண்ணிக்கைக்கு இடம் தரும் பயிற்சிகளை விட்டு, நாள்தோறும் திருவாசகம் ஓதலாம், அதுவும் தனியறையில், பிறர் செவியில் படாதவாறு. என் அனுபவம் சிறியது: ஆணவ மலம் பற்றி வகுப்பெடுத்தபோது நான் சொன்ன பாடலில் ஒரு சீரைத் திருத்திய மாணவரோடு இரண்டு மாதம் பேசாதிருந்தேன்.

உழவாரத் தொண்டன்:
படம் எடுப்பதைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லையே, ஐயா. எழுதாமல் விட்டது வேறொன்று. அந்த அம்மாவிடம் அப்படிச் சொன்ன நாளில், நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.