கார்டிசோல் மிகை (குஷிங் நோய்க்குறி): குழாய் செலுத்தாமல் காரணம் அறிய இயலுமா?

மன்னார்குடியிலிருந்து ஒரு மகள்:
என் தாயாருக்கு வயது 52. ஓராண்டாக முகம் உப்பி, கைகால் மெலிந்து, வயிற்றில் ஊதாநிறக் கோடுகள் படர்ந்துள்ளன. இரவில் 1 மி.கி. டெக்சாமெத்தசோன் (கார்டிசோல் சுரப்பை அடக்கும் ஸ்டீராய்டு) விழுங்கிய மறுநாள் காலை, 1.8-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டிய கார்டிசோல் (சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) டெசிலிட்டருக்கு 9.6 மைக்ரோகிராமாக இருந்தது. நள்ளிரவு உமிழ்நீரிலும் மிகை. கார்டிசோலைச் சுரக்கத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோன் 48. எம்.ஆர்.ஐ.யில், மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் 4 மி.மீ. புள்ளி தெரிகிறது. ஆயினும் தொடை வழியே குழாய் செலுத்தி, மூளையடியிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே அறுவை என்கிறார் மருத்துவர். படத்திலேயே தெரியும்போது அது எதற்கு? அம்மா மிகவும் அஞ்சுகிறார்.

தஞ்சாவூர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்:
ஏ.சி.டி.எச். 5-க்குக் கீழே இருந்திருந்தால் அட்ரினல் சுரப்பியைச் சி.டி. எடுத்துப் பார்ப்பதே அடுத்த வேலையாக இருந்திருக்கும். 20-ஐத் தாண்டியதால், அந்த ஹார்மோன் பிட்யூட்டரியிலிருந்து வருகிறதா, நுரையீரல் போன்ற வேறிடத்துக் கட்டியிலிருந்து வருகிறதா என்பதே கேள்வி. நோயேதும் இல்லாதவர்களிலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ.யில் இத்தகைய புள்ளி தென்படும் என்பதால், அதை மட்டும் நம்பி அறுவைக்குச் செல்ல இயலாது. கட்டி 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் குழாய்ச் சோதனை பொதுவாகத் தேவைப்படாது.

மாற்று வழி உண்டு. கையில் டெஸ்மோபிரெசின் அல்லது சி.ஆர்.எச். ஊசி (ஏ.சி.டி.எச். சுரப்பைத் தூண்டிப் பார்ப்பவை) போட்டால், பிட்யூட்டரிக் கட்டியெனில் ஏ.சி.டி.எச். பெரும்பாலும் எகிறும். இரண்டு ஊசிக்கும் அவ்வாறு எகிறி, மார்பு, வயிற்றுச் சி.டி.யிலும் எதுவும் தென்படாவிட்டால், குழாயின்றியே பிட்யூட்டரி என முடிவுசெய்வோர் உள்ளனர். முடிவுகள் முரண்பட்டால் குழாய்தான். அதே மாத்திரையைக் கூடுதல் அளவில் கொடுத்துப் பார்க்கும் 8 மி.கி. டெக்சாமெத்தசோன் சோதனையை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஏ.சி.டி.எச். சார்ந்த இந்நோய் உள்ள பெண்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குப் பிட்யூட்டரியே காரணம் என்பது முன்பே தெரியும். அதற்கு மேல் அச்சோதனை அதிகம் சொல்லிவிடுவதில்லை.

கும்பகோணம், இந்நோய்க்கு அறுவை செய்துகொண்டவன்:
தாயார் மூட்டுவலிக்குப் பொடியோ கடை மாத்திரையோ சாப்பிடுகிறாரா? நம் பக்கத்தில் நடவுக்குச் செல்வோர் பலர் வாங்குகிறார்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வெற்றிலையோடு புகையிலையோ அதிமதுரமோ மெல்லுவாரா என்பதையும் கேளுங்கள். அதிமதுரம் உமிழ்நீர்ச் சோதனையில் கார்டிசோலைப் பொய்யாகக் கூட்டிக் காட்டக்கூடும் என்று எனக்குச் சொன்னார்கள்.

தஞ்சாவூர் மருத்துவர்:
நல்ல கேள்விகள். பொடியே காரணமென்றால் ஏ.சி.டி.எச். அமுங்கியிருக்கும், 48 இருக்காது. வலிப்புக்கு மாத்திரை எடுக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள். அம்மாத்திரைகளில் ஒன்றான ஃபெனிடாயின் டெக்சாமெத்தசோனை விரைவில் சிதைத்துவிடும்; அதனால் கார்டிசோல் இறங்காமல் பொய்யாக மிகை காட்டும்.

மன்னார்குடி மகள்:
வலிப்பு இல்லை, பொடியும் இல்லை. ஆனால் நாள்தோறும் வெற்றிலை, புகையிலை, தொண்டைக்கு அதிமதுரமும் உண்டு. அதை நிறுத்திவிட்டு உமிழ்நீரை மீண்டும் பார்க்கவும், 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனையைச் சேர்க்கவும், பின்னர் டெஸ்மோபிரெசின் செய்யவும் இயலுமா என்று எங்கள் மருத்துவரிடம் கேட்கவிருக்கிறேன்.