தினமும் எழுத ஒரு விதி: உங்கள் விளையாட்டு எது?
(சேலத்துக்காரர்கள் சிலரின் உரையாடல். ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர்ப்பகுதியே பெயர்.)

அஸ்தம்பட்டி:
தினமும் எழுத ஆரம்பிப்பவர்களில் பலர் பொங்கலுக்குள் நிறுத்திவிடுவதற்குத் தேதி அச்சடித்த டைரிதான் பெரிய காரணம். நாலு நாள் விட்டுப்போனால் அந்த வெள்ளைப் பக்கங்கள் கண்ணை உறுத்தும். அப்புறம் நோட்டைத் திறக்கவே தோன்றாது. கோடு போடாத 80 பக்க நோட்டு ஒன்று போதும். தேதியைக் கையால் எழுதுங்கள், விட்ட நாளுக்கு இடம் விடாதீர்கள். அரைப்பக்கத்துக்கு மேல் வேண்டாம். இன்னும் எழுத வருகிறதே என்னும்போது நிறுத்தினால்தான் மறுநாள் கை தானாகப் போகும்.

'இன்றைக்கு எதைப் பற்றி எழுதுவது' என்று உட்கார்ந்தால் பேனா நகராது. ஒரு விதியை வைத்துக்கொண்டு உட்காருங்கள், விஷயம் பின்னாலேயே வரும். உங்கள் விதிகளை, அவை எங்கே இடறும் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

குகை:
அந்தாதி. நேற்றைய கடைசிச் சொல்தான் இன்றைக்கு முதல் சொல். நம் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடிவதால், தினமும் 'வந்தது', 'இருந்தது' என்றே ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அதனால் கடைசி வாக்கியத்தை மட்டும் திருப்பிப் போடுங்கள். 'தெருக்கோடியில் நின்றது தண்ணீர் லாரி' என்று முடித்தால் நாளைக்கு லாரி கையில் இருக்கும். கண்ணால் பார்க்கக்கூடிய பொருளின் பெயராக இருக்கட்டும். 'மகிழ்ச்சி', 'வாழ்க்கை' என்று முடித்தால் மறுநாள் பிரசங்கம்தான் வரும்.

அம்மாபேட்டை:
நிரோட்டகம் முயன்று பாருங்கள். உதடு ஒட்டாமலும் குவியாமலும் சொல்லக்கூடிய எழுத்துகளை மட்டும் வைத்து எழுதுவது. எழுத்துகளை வைத்து விளையாடும் சித்திரக்கவி வகைகளில் ஒன்று. ப, ம, வ வரிசைகள் கூடாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய உயிர்களும் அவை ஏறிய எழுத்துகளும் கூடாது.

எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் விலக்கினால் இரண்டு வரியில் சலித்துவிடும். முதல் வாரம் ம மட்டும். அதுவே நன்றாகப் படுத்தும்: 'மரமும் செடியும்' என்ற உம்மை போய்விடும், 'வரும், போகும்' போய்விடும், 'வேண்டும்' போய்விடும். அடுத்து ப, அதற்கடுத்து வ. 'நடப்பான்' இல்லை, 'செய்வான்' இல்லை, எதிர்காலமே ஏறக்குறைய அடைபட்டுவிடும். ஆசையையும் அறிவுரையையும் எழுத வழியில்லாமல் கண்ணெதிரே நடப்பதை எழுத ஆரம்பிப்பீர்கள். இந்த விதியின் பெரிய லாபமே அதுதான்.

கடைசியாக உகரத்தை விலக்கும்போது 'நின்றது' நிற்காது. அஃறிணை ஒருமை முழுக்கப் பன்மைக்கு ஓடும். மூக்கனேரிக் கரையில் உட்கார்ந்தால் இப்படி வரும்:

ஏரிக்கரையில் நாரைகள் நின்றன. காற்றில் நாணல்கள் சாய்ந்தன.

சரிபார்க்க, மருந்து முனையை ஒடித்த தீக்குச்சியை உதடுகளுக்கு நடுவே நெட்டுக்குத்தாக வைத்துக்கொண்டு மெல்லப் படியுங்கள். ப, ம இருந்தால் உடனே தட்டும். வகரமும் உகரமும் தப்பிவிடும், அவற்றைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

சூரமங்கலம்:
அம்மாபேட்டை அண்ணன் சொன்ன லாபம் வேறு வழியிலும் கிடைக்கும். 'சுவை', 'அருமை', 'மொறுமொறு', 'காரசாரம்' நான்கையும் விலக்கிவிட்டு, தட்டுவடை செட் போடும் கையை மட்டும் ஆறு வரியில் எழுதுங்கள். கீழே ஒரு தட்டுவடை, அதன்மேல் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மூடியாக இன்னொரு தட்டுவடை. எந்த விரல் அமுக்குகிறது, சட்னி எந்தப் பக்கம் பிதுங்குகிறது என்று பாருங்கள். ஞாபகத்திலிருந்து எழுதினால் நடுவில் ஒரு படி விட்டுப்போகும். கடைக்கு எதிரே நின்று வினைச்சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, வீட்டில் போய் வாக்கியமாக்குங்கள். பேர் சொல்லாமல் படித்துக் காட்டி எந்தப் பலகாரம் என்று பிள்ளைகளைக் கேட்டால் விடுகதையாகவும் ஆகிவிடும்.

ஏற்காடு:
சேலத்திலிருந்து மலையேறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. வளைவுக்கு ஒரு வாக்கியம் என்று மனசுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வாருங்கள். பஸ்ஸில் நோட்டைத் திறக்கக் கூடாது: குனிந்து எழுதினால் கண்ணுக்குத் தெரிவதும் உடம்பு உணர்வதும் ஒத்துப்போகாமல் நாலாவது வளைவிலேயே குமட்டும். நீளமான வாக்கியம் அடுத்த வளைவுக்குள் மறந்துபோகும், அதனால் நாலைந்து சொல்லுக்குள் வையுங்கள். மேலே ஏற்காடு ஒண்டிக்கடையில் இறங்கியதும் நின்ற இடத்திலேயே எழுதிவிடுங்கள். டீ குடித்துவிட்டு என்றால் பாதி போய்விடும். இறங்கும்போது எண்கள் குறைந்துகொண்டே வரும். அதே வாக்கியங்களைக் கடைசியிலிருந்து சொல்லிப் பாருங்கள். திருப்பினாலும் பொருள் குலையாத வாக்கியம் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது, அதை எடுத்துவிடலாம்.

அஸ்தம்பட்டி அக்காவுக்கு ஒரு திருத்தம். அந்த 80 பக்க நோட்டு கீழே சரி, இங்கே மூடுபனிக் காலத்தில் காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மைப்பேனாவில் எழுதினால் மை நார் வழியே பரவி அடுத்த பக்கத்திலும் தெரியும். 2பி பென்சில் பயன்படுத்துங்கள். அது தண்ணீரில் கரையாது, முனை மிருதுவாக இருப்பதால் நமுத்த தாளையும் கிழிக்காது. எழுதியதும் நோட்டை இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். ஜன்னலோரம் வைத்தால் மறுநாள் பக்கங்கள் அலை அலையாக எழும்பிவிடும்.

குகை:
அந்தாதிக்காரர்கள் இருபதாவது வளைவுக்கு வினையில் முடியாத வாக்கியம் ஒன்றைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசிச் சொல்லே மறுநாள் நோட்டுக்கு முதல் சொல்.