வகுப்பைப் பார்க்க ஆள் வந்தால் நமக்கு ஏதாவது லாபம் உண்டா?

நாங்குநேரி நாலாம் வகுப்பு:
வணக்கம். நாங்குநேரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை, ஆறு வருஷம் ஆகிறது. இதற்குள் என் வகுப்பை எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டார்கள். ஓரமாக நாற்காலி போட்டு உட்காருவார்கள், போனில் டிக் அடிப்பார்கள், பாடக்குறிப்பில் கையெழுத்துப் போடுவார்கள். “நல்லா இருக்கு டீச்சர், போர்டுல எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இப்போது எங்கள் தலைமையாசிரியர், மாதம் ஒரு தடவை நாமே ஒருவர் வகுப்பில் ஒருவர் உட்கார்ந்து பார்ப்போம் என்கிறார். எனக்கு வரப்போவது ஐந்தாம் வகுப்பு அக்கா. தினமும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம். அவர் முன்னால் தடுமாறினால் சாயங்காலம் எப்படி முகத்தைப் பார்ப்பது? இதனால் உண்மையிலேயே பாடம் எடுக்கும் விதம் மாறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

களக்காட்டு ஏத்தன்:
ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் சார்ட்டும் கைப்பொம்மையும் வெளியே வரும். அவர் போனதும் பீரோவுக்குள் போய்விடும். இருபது வருஷமாகப் பார்க்கிறேன். கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுச் சமையலுக்கு மார்க் போடுகிற கதைதான்.

முக்கூடல் டீச்சர்:
அண்ணாச்சி சொல்வது அதிகாரிக்குப் பொருந்தும். எனக்கு நடந்தது வேறு.

நாலாம் வகுப்புக் கணக்கு, பின்னம். ஆளுக்கொரு தாளைக் கொடுத்து நாலாக மடிக்கச் சொன்னேன். “ஒரு பங்கு எவ்வளவு?” “கால் டீச்சர்!” ஓடு அதிர்கிற சத்தம். “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது டீச்சர்!” எனக்கு உள்ளுக்குள் பெருமை. அன்றைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது எங்கள் மூன்றாம் வகுப்பு சார். பாடம் முடிந்ததும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகள் மடித்த தாள் இரண்டை மேஜைமேல் வைத்தார். ஒன்றில் நாலு பட்டையும் நாலு அகலம். அந்தப் பிள்ளை இருப்பதிலேயே பெரிய பட்டையைக் காட்டி, “நாலுல ஒண்ணு, அப்பம் இதுவும் கால்தாம்லே” என்று பக்கத்துப் பையனிடம் சொல்லியிருக்கிறாள். பங்கு சமமாக இருக்கவேண்டும் என்பதே அவளுக்குப் போய்ச் சேரவில்லை. கூட்டத்தோடு கத்தியதில் எனக்கும் தெரியவில்லை.

இத்தனைக்கும் அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். தகட்டை வைத்து இலையை ஒரே அளவாக வெட்டுவதை நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்க்கிற பிள்ளை. மறுநாள் அந்தத் தகட்டையே கொண்டுவரச் சொன்னேன். ஏன் எல்லா இலையும் ஒரே அளவு என்று கேட்டேன். “அளவு தப்புனா கழிச்சிருவாங்க டீச்சர்” என்றாள். தாளை அவளே திரும்ப மடித்தாள். அதற்குப் பிறகு நான் கோரஸ் பதிலை நம்புவதில்லை.

பாளை ஓய்வு:
ஆசிரியர் பயிற்சியில் இருந்து ஓய்வு பெற்றவன். டீச்சர் சொன்ன சார் செய்ததைத்தான் ஜப்பானில் காலங்காலமாகச் செய்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பாடத்தைத் தயார் செய்வார்கள். ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்ப்பார்கள், அப்புறம் உட்கார்ந்து பேசுவார்கள். பாடம் எல்லோருக்கும் சொந்தம் என்பதால் பிசகினால் ஒருத்தர் தலையில் விழாது.

பிளாண்டர்ஸ் முறை ஞாபகம் இருக்கிறதா? மூன்று விநாடிக்கு ஒரு தடவை யார் பேசுகிறார்கள் என்று குறிக்கிற பத்து வகை அட்டவணை. அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய வைத்த பாவம் எனக்கும் உண்டு. வகுப்புக்குள் எடுத்துப் போனவர்கள் குறைவு. நாங்குநேரி அம்மாவுக்கு ஒன்று சொல்வேன்: அந்த அக்காவிடம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள் என்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதை அளந்தார். பெரும்பாலான ஆசிரியர்கள் பொறுத்தது ஒரு விநாடிதான். அதை மூன்றாக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள்.

நாங்குநேரி நாலாம் வகுப்பு:
நேற்று அக்கா வந்தார். ஐயா சொன்னபடி அதை மட்டும் பார்க்கச் சொன்னேன். நோட்டுக்கு அடியில் விரல்விட்டு எண்ணியிருக்கிறார். பஸ்ஸில் நானாகக் கேட்டேன். “ரெண்டாவது விரலை மடக்குததுக்குள்ள நீயே பதிலைச் சொல்லிருதட்டீ” என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் வீடு வரைக்கும் அதே யோசனை.

அடுத்த புதன்கிழமை நான் அவர் வகுப்புக்குப் போகிறேன். எதைப் பார்க்கட்டும் என்று கேட்டதற்கு, “நான் போர்டு பக்கம் திரும்புனதும் ஜன்னலோரம் இருக்க மூணு பயலுவ என்ன பண்ணுதானுவன்னு பாரு” என்றார்.