முத்தா, குமிழியா? பபிள் டீக்கு ஒரு சொல்

வணக்கம்.

> பபிள் டீ: குமிழித் தேநீர்
> தே தாரிக்: இழுவைத் தேநீர்
> ஹாங்காங் பால்தேநீர்: காலுறைத் தேநீர்

அயல்நாட்டுத் தேநீர்ப் பெயர்களுக்கு நீங்கள் நம் குழுவுக்கு அனுப்பிய இந்தத் தமிழ்ச்சொல் பட்டியலைப் பார்த்தேன். பின்னிரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன். இழுவை என்றதும் எனக்குப் பழனி மலை விஞ்ச்தான் ஞாபகம் வருகிறது. மலாயில் ‘தாரிக்’ என்றால் இழுப்பது என்பது சரி. ஆனால் கெட்டிப்பால் சேர்த்த டீயை இரண்டு குவளைக்கு நடுவே உயரத் தூக்கி ஊற்றும் வேலைக்கு நம்மிடம் ‘ஆற்றுதல்’ இருக்கிறதே. தருமபுரியில் எந்த டீ மாஸ்டரைக் கேட்டாலும் ‘ஆத்தறது’ என்பார். ஆற்றிய தேநீர் போதும். (‘ஆற்றுத் தேநீர்’ மட்டும் வேண்டாம், தென்பெண்ணையில் மொண்டது போல இருக்கிறது.) ஹாங்காங்கில் யாரும் காலுறையில் டீ வடிப்பதில்லை. வடிக்கும் துணிப்பையில் சாயம் ஏறி, பார்வைக்குப் பட்டுக் காலுறை மாதிரி ஆகிவிடுவதால் வந்த பெயர் அது. நம் டீக்கடைகளில் கறுத்துத் தொங்குகிற பைக்கு உறவுக்காரப் பை அது. பைவடித் தேநீர் எனலாம்; இதைவிட நல்லது கிடைத்தால் விட்டுத்தருகிறேன்.

எனக்குச் சண்டை குமிழியோடுதான். பபிள் டீ என்பது அடியில் மென்று தின்னும் கறுப்பு உருண்டைகள் கிடக்கும் தைவான் பால்தேநீர்.

தைவானில் 1980களில் டீயைப் பனிக்கட்டி போட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். மேலே எழுந்த நுரையைத்தான் ‘பபிள்’ என்றார்கள். உருண்டை அப்புறம் வந்து சேர்ந்தது. இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்பவர் நுரையை நினைப்பதில்லை, உருண்டையையே நினைக்கிறார். நாமும் ‘குமிழி’ என்று எழுதினால் அந்தக் குழப்பத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருகிறோம். குமிழி என்றால் தொட்டதும் உடையும். இது கடித்தால் ரப்பர் போல இழுக்கும்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஓசூரில் அக்கா மகன் ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். விரல் பருமனில் ஒரு ஸ்ட்ரா. ஒரே உறிஞ்சலில் மூன்று உருண்டை நேராகத் தொண்டைக்குள் போய்விட்டது. நான் இருமி முடித்த பிறகுதான், “மாமா, அதை மென்னு தின்னணும்” என்றான். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துவந்தபோது அம்மா பார்த்துவிட்டு, “ஜவ்வரிசியைக் கருக்கிட்டானா?” என்று கேட்டார்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. இரண்டுக்கும் மூலம் குச்சிக்கிழங்குதான், புத்தகத்தில் மரவள்ளி. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வயலில் பிடுங்கி, மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் பார்த்து விலை போட்டு, சேகோ ஆலைக்கு லாரி ஏற்றுகிற அதே கிழங்கு. ஆலையில் அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் படியவிட்டு, ஈரமாவைக் குலுக்கி மணியாக்கி வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. தைவான் உருண்டைக்கு அந்த மாவில் கொதிநீர் விட்டுப் பிசைகிறார்கள். கறுப்பு நிறம் பழுப்புச் சர்க்கரையால் வருவது. ஆகவே ‘ஜவ்வரிசித் தேநீர்’ என்றால் பொய்யில்லை. ஆனால் படிப்பவர் மனதில் பாயசத்தில் கண்ணாடியாய் மிதக்கும் பொடிமணிதான் வரும்.

தைவான்காரர்களே அதை ‘முத்துப் பால்தேநீர்’ என்றுதான் சொல்கிறார்கள். முதலில் போட்ட உருண்டை வெள்ளையாக, முத்துப் போல இருந்ததாம். தைனான் நகரில் உள்ள ஹான்லின் கடையின் கதை இது. தைச்சுங் நகரில் உள்ள சுன் ஷுய் தாங் கடை, ‘முதலில் செய்தது நாங்கள்’ என்கிறது. பத்து ஆண்டு வழக்காடினார்கள். யார் முதல் என்று தீர்ப்புச் சொல்லத் தேவையே இல்லை என்று 2019இல் நீதிமன்றம் முடித்துவைத்தது. டீக்கு இத்தனை!

முத்து என்றால் நகைக்கடை வாசம் அடிக்கிறது என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் ஊரில் அப்படி இல்லை. வேப்பமுத்து பொறுக்கினோம், ஆமணக்குமுத்து காயப்போட்டோம். கடலில் கிடைப்பதும் முத்து, களத்தில் காய்வதும் முத்து. கறுப்பு உருண்டைக்கு இந்த இரண்டாவது முத்து நன்றாகவே பொருந்துகிறது.

எனவே உருண்டைக்குக் கிழங்குமுத்து, பானத்துக்கு முத்துத்தேநீர். உருண்டையில் இன்னொரு வகை உண்டு: கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டும் கால்சியமும் சேர்ந்து மேலே மெல்லிய தோலாகி, உள்ளே பழச்சாறு நிற்கும், பல் பட்டதும் ‘பட்’டென்று வெடிக்கும். அதில் கிழங்கே கிடையாது. உங்கள் குமிழியை அதற்குக் கொடுத்துவிடுங்கள்: குமிழிமுத்து.

‘முத்துத்தேநீர்’ சேர்த்தா பிரித்தா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். குலுக்கி எழுப்பும் நுரைக்கும் ஆற்றி எழுப்பும் நுரைக்கும் தனித்தனிச் சொல் வேண்டுமா என்பதை அடுத்த மடலில் பேசலாம். எனக்கு ஒரு நுரை போதும்.